மொட்டை மரத்துக்கு மூணு நாள்

கால கழுவிட்டு வந்தியா? எங்க, காட்டு. உள்ளங்கால்ல இன்னும் அந்த ரோஸ் கலர் பூ ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. எடுத்து ஜன்னல்ல வை. படு. தலகாணிய இந்தப் பக்கம் போட்டுக்கோ, காத்து வரும். கதை வேணும்னா கண்ண மூடிக்கிட்டு கேக்கணும், தாரு. நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும், அவ்வளவுதான் உன் வேலை. நடுவுல கேள்வி கேட்டேன்னா எனக்கு கதை மறந்து போயிடும். அப்புறம் உன்னக் கூட்டிட்டுப் போக வர்றப்போ உங்கப்பன் சொல்லட்டும்னு விட்டுடுவேன். என் கூடப்பிறந்த தம்பிதானே, எனக்குத் தெரியாதா, அவனுக்கு ஒரு கதையும் தெரியாது.

சரி. ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மரம் இருந்துச்சாம். மொட்டை மரம்.

"ம்."

ஊருன்னா சின்ன ஊர் இல்ல, பெரிய பட்டணம். பஸ்ஸு பாம் பாம்னு போகும், ஆட்டோ டர்ர்ருன்னு போகும், குக்கர் விசில் அடிச்சா எந்த வீட்டு குக்கர்னே தெரியாது. அந்தப் பட்டணத்துல ஒரு தெரு. தெருக்கோடியில புதுசா கட்டின நாலு மாடி வீடு, பன்னெண்டு குடும்பம். அந்த வீட்டு காம்பவுண்டு சுவத்துக்கு உள்பக்கம், வாசலுக்குப் பக்கத்துலதான் இந்த மரம் நின்னுச்சு. தூங்குமூஞ்சி மரம். பேர கேட்டு சிரிக்காத. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா அது ஒவ்வொரு இலையா மூடிக்கிட்டு தூங்கிடும், காலையில வெளிச்சம் பட்டதும் திறந்துக்கும். அந்த விஷயத்துல உன்னவிட நல்ல மரம்.

"ம்."

அந்த மரத்தடியில, சுவத்துக்கு வெளிப்பக்கம் நிழல் விழுற எடத்துல, ஒரு இஸ்திரி வண்டி. வண்டிக்காரி பேரு சம்பூரணம். ஒல்லியா, உயரமா, புடவைய தூக்கிச் செருகிக்கிட்டு நிப்பா. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அத ஒரு ஆட்டு ஆட்டினா உள்ள கரி கணகணன்னு செவக்கும். துணி மேல தண்ணிய தெளிச்சு பெட்டிய வச்சா சொய்ங்ன்னு ஆவி வரும். பத்தொன்பது வருஷமா அதே எடம். அந்த நாலு மாடி வீடு வர்றதுக்கு முன்னாடி அங்க ஒரு பழைய பங்களா இருந்துச்சு, அப்பவும் அவ அங்கதான். வீடு இடிஞ்சுது, வீடு எழும்பிச்சு, அவ நகரவே இல்ல.

எதுக்கு நகரலன்னா, நகர முடியாது. இஸ்திரிக்காரங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஒரு தெருவுக்கு ஒரு வண்டி. பக்கத்து தெருவுல போய் நின்னா அந்தத் தெருக்காரன் சண்டைக்கு வருவான், அவன் பண்றதுலயும் தப்பு கிடையாது. இந்தத் தெருவுல வேற மரம் கிடையாது. கையில நெருப்புப் பெட்டிய வச்சுக்கிட்டு சித்திரை வெயில்ல எவ நிப்பா? மயங்கித்தான் விழணும். அதனால மரம் இருந்தா வண்டி, மரம் போனா வண்டி போச்சு. அவளுக்கு ஒரு மக, நர்ஸு படிப்பு ரெண்டாவது வருஷம். அதுவும் அந்த நிழல்லதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. புரியுதா?

"ம்."

அப்புறம் என்னாச்சு, மாசி மாசம் வந்துச்சு. மாசியில அந்த மரம் இலைய கொட்டும். வருஷா வருஷம் கொட்டும். ஆனா அந்த வீட்டுக்காரங்க எல்லாம் அதுக்கு முந்தின ஆவணியிலதான் குடி வந்தவங்க. வரும்போது மரம் பச்சைப் பசேல்னு இருந்துச்சு. எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்கன்னு காட்டித்தான் அந்த வீட்டையே வித்தாங்க. மாசியில மரத்த ஒருத்தரும் பாத்தது கிடையாது. தினம் ஒரு கூடை இலை விழுது, பெருக்குற பொண்ணு சலிச்சுக்குது, காத்தடிச்சா காஞ்ச நெத்து கலகலன்னு ஆடுது. ஒரு நாள் பாத்தா ஒரு இலை இல்ல. மொழுமொழுன்னு நிக்குது. மழைக்காலத்துல கீழ்க்கொம்பு ரெண்டு ஒடிஞ்சு வேற போயிருந்துச்சு. அதனால அந்த வருஷம் பாக்கறதுக்கு எப்பவும்விட மோசமா இருந்துச்சு.

மரம் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உடனே கீழ பார்க்கிங்ல நாற்காலி போட்டு ஒரு மீட்டிங். அந்த வீட்டுக்கு செக்ரட்டரி தண்டபாணி சார், தரை வீட்டுல இருந்தாரு. பெரிய தொழிற்சாலை ஒண்ணுல தரம் பாக்கற வேலையில இருந்து ரிட்டையர் ஆனவரு. வேலையே என்னன்னா, செஞ்சு வர்ற சாமான ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பாத்து, நல்லா இருந்தா பாஸ், இல்லாட்டி ரிஜெக்ட். முப்பத்தாறு வருஷம் அதையே செஞ்சாரு. வீட்டுல சாம்பாருக்கும் அதேதான் சொல்லுவாருன்னு அவர் சம்சாரம் எல்லார்கிட்டயும் சொல்லும்.

கெட்டவரு இல்ல. அத சொல்லிடறேன். செத்த மரம் சின்னப் பிள்ளைங்க தலையில விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு அவருக்கு நெசமாவே பயம். வெட்டிடலாமா, சம்மதம்னா கைய தூக்குங்கன்னாரு. பன்னெண்டு குடும்பத்துல பதினோரு கை தூக்கிச்சு. பாக்கி ஒருத்தர் நாற்காலியிலயே தூங்கிட்டாரு.

"ம்... அவரா தூங்குமூஞ்சி?"

கேள்வி கேக்கக்கூடாதுன்னேன். ஆமா, அவரும்தான்.

தூக்கின கையில ஒண்ணு மூணாம் மாடி அம்மாவோட கை. தனியா இருக்கறவ. அவ ரூம் ஜன்னலுக்கு நேரா அந்த மரத்தோட உச்சி. இலை கொட்ட ஆரம்பிச்சதும் தூசி வருதுன்னு ஜன்னல சாத்தி, திரைய இழுத்து விட்டுட்டா. அதுக்கப்புறம் அவ அந்தப் பக்கம் திரும்பல. மீட்டிங்ல சமோசா கொடுத்தாங்க, தின்னுட்டு கைய தூக்கிட்டு மேல போயிட்டா.

சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சம்பூரணம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. பெட்டிய கீழ வச்சுட்டு வாசலுக்கு வந்தா. கூட்டத்துக்குள்ள வரல, வாசல்லயே நின்னா. மரம் சாகல சார், இது வருஷா வருஷம் இப்படித்தான், பங்குனி பொறக்கட்டும், நீங்களே பாருங்கன்னு சொன்னா. அழுதாளான்னு கேக்காத. அழல.

தண்டபாணி சார் கையில ஒரு காகிதம் வச்சிருந்தாரு. இந்த மரம் செத்துப்போச்சு, வெட்ட வேண்டியதுதான்னு எழுதி, அடியில அவர் கையெழுத்துக்கு எடம் விட்டிருந்துச்சு. அவரு காகிதத்தப் பாத்தாரு, மரத்தப் பாத்தாரு. உயிர் இருக்கற ஒண்ண செத்துப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்து போடறது அவருக்கும் ஒத்துக்கல. முப்பத்தாறு வருஷப் பழக்கம் இல்லையா.

"மூணு நாள் தர்றேம்மா. மரத்துக்கு உயிர் இருக்குன்னு எனக்குக் காட்டு. மூணாம் நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கையெழுத்து போட்டுடுவேன்"னாரு.

"ம்."

மொத நாள். சம்பூரணம் காலையில வந்ததும் வராததுமா தண்டபாணி சார கூப்பிட்டா. கட்டைவிரல் நகத்தால அடிமரத்துல ஒரு எடத்துல பரக் பரக்னு சுரண்டினா. மேல்தோல் உதிர்ந்து உள்ள பச்சையா ஈரமா தெரிஞ்சுது. பாருங்க சார்ன்னா. அவரு மூக்குக்கண்ணாடிய போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. மோந்து பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, எங்க வீட்டுல முருங்கைக் கொம்பு ஒடிஞ்சு விழுந்து மூலையில ஒரு மாசம் கிடந்துச்சு, ஒரு மாசமும் உள்ள பச்சையாத்தான் இருந்துச்சு, அதுக்காக அது காய்க்கலியேன்னாரு. ரிஜெக்ட்.

அவரு சொன்னதும் வாஸ்தவந்தானே.

அன்னிக்கு மத்தியானம் தேச்ச துணி மூட்டைய தலையில வச்சுக்கிட்டு வீடு வீடா கொடுக்கப் போனா. போற வழியெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே போனா. பிள்ளையார் கோயில் அரச மரத்துல செம்புத் தகடு மாதிரி இளசு இலை, வெயில்ல பளபளன்னு ஆடுது. டாக்டர் வீட்டு மாமரத்துல பூவெல்லாம் கொட்டி மிளகு மிளகா பிஞ்சு. பள்ளிக்கூடத்து வேப்ப மரம் வெள்ளையா பூத்து தெரு முனை வரைக்கும் வாசனை. ஒரு அம்மா அதுக்கு அடியில பழைய போர்வைய விரிச்சு வச்சிருக்கு, பூ அதுல விழணுமாம், காய வச்சு வருஷப் பொறப்புக்கு பச்சடி செய்யணுமாம். வண்டிக்குத் திரும்பி வந்தா, ஒரு காக்கா விர்ருன்னு எறங்கி அவளோட கம்பி ஹேங்கர ஒண்ண மூக்கால தூக்கிட்டுப் போச்சு. கூடு கட்டுது. காலம் மாறினது அதுக்குக்கூட தெரிஞ்சிருக்கு.

வேற வருஷமா இருந்தா அவளுக்கு அதெல்லாம் சந்தோஷமா இருந்திருக்கும். அந்த வருஷம் ஒவ்வொண்ணையும் பாக்கப் பாக்க ஒரே கேள்விதான். எல்லா மரத்துக்கும் சேதி வந்தாச்சு, நம்ம மரத்துக்கு மட்டும் வரலியா? ஒருவேளை தண்டபாணி சார் சொல்றதுதான் சரியா? பத்தொன்பது வருஷத்துல மொத தடவையா அவளுக்கே சந்தேகம் வந்துச்சு. அன்னிக்கு அவளுக்கு சோறு இறங்கல.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

ரெண்டாம் நாள். காலையில ஒரு குயில் வந்து அந்த மொட்டை மரத்துல உக்காந்துச்சு. குக்கூ... குக்கூ... குக்கூன்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா குரல ஏத்திக்கிட்டே போச்சு. சம்பூரணம் ஓடிப்போய் தண்டபாணி சார் வீட்டு பெல்ல அமுக்கினா. டிங் டாங். பல்லு விளக்கிக்கிட்டு இருந்தவரு நுரையோட வெளிய வந்தாரு. குயில் வந்திருக்கு சார், செத்த மரத்துல குயில் உக்காருமான்னு கேட்டா. அவரு கைய உசத்தி பேசாம இருன்னாரு. ரெண்டு பேரும் நின்னு கேட்டாங்க. குயில் பாடி முடிச்சுது. கிளம்புச்சு. நேரா போய் கரண்டு கம்பத்து மேல உக்காந்துச்சு. அங்க உக்காந்துக்கிட்டு அதே பாட்டு, குக்கூ... குக்கூ...

தண்டபாணி சார் வாய கொப்புளிச்சாரு. கம்பத்துக்கும் உயிர் இருக்காம்மான்னு கேட்டாரு. கிண்டலா கேக்கல, நெசமாத்தான் கேட்டாரு. அவ வண்டிக்குப் போயிட்டா. ரிஜெக்ட்.

அன்னிக்கு சாயங்காலம் மூணாம் மாடிக்கு துணி கொடுக்கப் போனா. கதவத் தட்டினா. அந்த அம்மா வந்து துணிய வாங்கிக்கிச்சு. சம்பூரணம் வாசப்படியிலேயே நின்னுக்கிட்டு கேட்டா. "அம்மா, கீழேர்ந்து பாத்தா கண்ணு கூசுது, காஞ்ச நெத்துதான் தெரியுது. உங்க ஜன்னலுக்கு நேராத்தானே உச்சி இருக்கு? ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துச் சொல்றீங்களா?"

அந்த அம்மா, சரி, அப்புறம் பாக்கறேன்னு சொல்லிட்டு கதவ சாத்திக்கிச்சு. உள்ள டிவியில சீரியல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பாக்கல.

"ஏன் பாக்கல?"

மறந்து போச்சு. எழுந்து போய் திரைய விலக்கறதுக்கு ஒரு சோம்பல். வேற ஒரு காரணமும் கிடையாது. கண்ண மூடு.

மூணாம் நாள். சம்பூரணத்துக்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. காலையிலேர்ந்து அண்ணாந்து பாத்து கழுத்து வலிச்சதுதான் மிச்சம். வேல மட்டும் நின்னுடக்கூடாதுன்னு தேச்சுக்கிட்டே இருந்தா. மேல தேய்க்கறா, கீழ மடிக்கறா, மேல தேய்க்கறா, கீழ மடிக்கறா. சாயங்காலம் தண்டபாணி சாரோட மச்சினர் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அதுக்கு அவரு போட்டுக்கிட்டுப் போக வேண்டிய வெள்ளை சட்டை, புதுசு, அத கடைசியா எடுத்து ஒரு சுருக்கம் இல்லாம தேச்சு, மடிச்சா மடிப்பு விழும்னு ஹேங்கர்ல மாட்டி வண்டிக் கம்பியில தொங்க விட்டா. தன் எடத்துக்கு ஆப்பு வைக்கப் போற ஆளோட சட்டைதான். அதுக்காக தேய்க்கறதுல ஒரு குறையும் வைக்கல.

ஆனா ஒண்ணு மறந்துட்டா. வருஷா வருஷம் மரத்துல குருத்து கண்ணுல பட்டதும், வண்டிக்கு மேல ஒரு பழைய புடவைய பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுவா. எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். அந்த வருஷம் இலையே வரல, புடவையப் பத்தி அவ எதுக்கு நெனைக்கப் போறா?

அப்போ மணி அஞ்சரை. தண்டபாணி சார் சட்டைய வாங்கிக்க வந்தாரு. ஹேங்கரோட எடுத்து, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, முன்னாடி பாத்தாரு, திருப்பிப் பின்னாடி பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு. தோள்பட்டையில மூணு சொட்டு. மஞ்சளாவும் இல்ல, பழுப்பாவும் இல்ல. விரலால தொட்டாரு, பிசுபிசுன்னு ஒட்டுச்சு.

கோபம் வந்துடுச்சு. வராதா? புது சட்டை. இன்னும் அரை மணி நேரத்துல கிளம்பணும். என்ன ஊத்தின, எண்ணெயா, வெல்லத் தண்ணியான்னு சத்தம் போட்டாரு. சம்பூரணத்துக்கு ஒண்ணும் புரியல. கைய துடைச்சுக்கிட்டு வந்து அந்த சொட்ட தொட்டா. மோந்தா. அப்புறம் நாக்கு நுனியில வச்சுப் பாத்தா.

தித்திப்பு.

அவ மெதுவா தலைய தூக்கினா. மேலேர்ந்து ஒரு சொட்டு வந்து அவ நெத்தியில விழுந்துச்சு. டப்.

"ம்? ம்?"

பொறு. அப்போ அவ சிரிச்சா. மூணு நாளா சிரிக்காதவ. சட்டை போச்சுன்னு இவரு கத்தறாரு, அவ நின்னு சிரிக்கறா. இவருக்கு இன்னும் கோபம்.

"சார், இது எங்கேர்ந்து விழுந்துச்சு, நீங்களே சொல்லுங்க"ன்னா.

"மரத்துலேர்ந்துதான், வேற எங்கேர்ந்து?"

"செத்த மரம் எதுக்கு சார் ஒழுகணும்?"

அவரு அண்ணாந்து பாத்தாரு.

அது என்னன்னா, தாரு, அந்த மரத்துல இளங்குருத்து விட்டதும் அரிசி அளவுக்கு குட்டிக் குட்டிப் பூச்சி வரும். காஞ்ச குச்சிக்கு வராது, குருத்துக்குத்தான் வரும். குருத்துல இருக்கற சாத்த உறிஞ்சிக்கிட்டு மிச்சத்த சொட்டு சொட்டா கீழ விடும். அதுதான் பிசுபிசுன்னு தித்திப்பா விழும். அதுக்குத்தான் அவ புடவைய கட்டறது, துணியில கறை படாம இருக்க. இத்தனை வருஷமா அவ திட்டிக்கிட்டு இருந்த பூச்சி. அன்னிக்கு அதுதான் சாட்சிக்கு வந்துச்சு.

ஆனா தண்டபாணி சார் அவ்வளவு சுலபமா பாஸ் போட்டுடுவாரா? குருத்து எங்க, எனக்குத் தெரியலியேன்னாரு. கீழேர்ந்து தெரியாது சார்ன்னா. அவரு சட்டைய ஹேங்கரோட வண்டிக் கம்பியிலயே மறுபடி மாட்டினாரு. அப்புறம் பாக்கெட்டுல கைய விட்டு மொட்டை மாடி சாவிய எடுத்தாரு. பசங்க மேல ஏறக்கூடாதுன்னு மொட்டை மாடிய பூட்டி வச்சதே அவருதான். ஆறு மாசமா அந்தப் பூட்ட யாரும் திறக்கல. வா என்கூடன்னாரு. லிஃப்டுக்குக்கூட காத்துக்கிட்டு இருக்கல. அவரு முன்னாடி, அவ பின்னாடி, படியில தடதட தடதடன்னு நாலு மாடி ஏறினாங்க. சத்தம் கேட்டு ஒவ்வொரு கதவா திறந்துச்சு. என்ன ஏதுன்னு ஒவ்வொருத்தரா பின்னாலேயே வந்தாங்க. கிறீச்னு மாடிக் கதவு திறந்துச்சு. கைப்பிடிச் சுவத்துக்கிட்ட போய் கீழ பாத்தாங்க.

கீழேர்ந்து பாத்தா மொட்டை. மேலேர்ந்து பாத்தா பச்சை.

உச்சிக்கொம்பு முழுக்க இளசு இலை. பொடிப் பொடியா, பிறந்த குழந்தை தலையில முடி இருக்கும் பாரு, அந்த அளவுக்குத்தான். ஆனா இல்லாத எடம் இல்ல. அங்கங்க ரோஸ் கலர்ல ரெண்டு மொட்டுகூட வந்திருந்துச்சு. எத்தனை நாளா இருந்துச்சோ. கீழ உக்காந்து மூணு நாளா வழக்கு நடத்திக்கிட்டு இருக்கோம், அது பாட்டுக்கு மேல தன் வேலைய முடிச்சு வச்சிருக்கு.

எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. தண்டபாணி சார் மூக்குக்கண்ணாடிய கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டாரு. வாட்சப் பாத்தாரு. மணி ஆறாகப் போகுது. நிச்சயதார்த்தத்துக்கு அவர் சம்சாரம் கீழேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, அவரு காதுல விழல. வெயில் எறங்குச்சு. அப்போ அந்தக் குட்டி இலையெல்லாம், அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே, ஒண்ணொண்ணா, ரெண்டு ரெண்டா, மூடிக்க ஆரம்பிச்சுது. இந்தக் கொம்புல மூடுது, அப்புறம் அந்தக் கொம்புல மூடுது, அப்புறம் அதுக்கு அடுத்ததுல.

தண்டபாணி சார்தான் மொதல்ல பேசினாரு. ரொம்ப மெதுவா, யாரையோ எழுப்பிடப் போறோம்னு பயந்த மாதிரி சொன்னாரு.

"தூங்குதும்மா."

"ஆமா சார். உயிர் இருக்கறதுதானே தூங்கும்"ன்னா சம்பூரணம். அப்பதான் அவளுக்கு அழுகை வந்துச்சு. புடவைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு நல்லா அழுதா. யாரும் தடுக்கல.

அவரு சட்டைப் பையிலேர்ந்து அந்தக் காகிதத்த எடுத்தாரு. கிழிக்கல. கிழிக்கற பழக்கம் அவருக்குக் கிடையாது. சுவத்து மேல வச்சு, பேனாவ எடுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த எடத்துல பெரிய எழுத்துல ரிஜெக்ட்னு எழுதினாரு. கறை பட்ட சட்டையோடவே நிச்சயதார்த்தத்துக்குப் போனாரு. கேட்டவங்ககிட்டயெல்லாம் அந்த மூணு சொட்ட காட்டி கதை சொன்னாருன்னு அவர் சம்சாரம் ஒரு மாசம் புலம்பிச்சு. மறுநாள் காலையில சம்பூரணம் வண்டிக்கு மேல பழைய புடவைய இழுத்துக் கட்டினா. அவ்வளவுதான்.

"ம்... அத்தை."

என்ன?

"அது நம்ம கீழ இருக்கற மரம்தானே? அந்த ரோஸ் பூ மரம்?"

ஆமா.

"அப்போ மூணாம் மாடி அம்மா..."

நான்தான். இந்த வீடு மூணாம் மாடிதானே. நானும் கைய தூக்கினேன். அவ வாசல்ல நின்னு கேட்டா, அப்புறம் பாக்கறேன்னு சொன்னேன். இதோ, நீ தலகாணி போட்டிருக்கியே, இந்த ஜன்னல்தான். இந்தத் திரைய ஒரு சாண் விலக்கியிருந்தா அவ மூணாம் நாளாவது நிம்மதியா சோறு தின்னிருப்பா. எல்லாரும் மாடிக்கு ஓடினப்போ நானும் ஓடினேன், அங்கேர்ந்து பாத்தா மொதல்ல தெரிஞ்சது அந்தப் பச்சை இல்ல, சாத்தியிருந்த என் ஜன்னல்தான். இலை வந்து கண்ணாடிய தொட்டுக்கிட்டு நின்னுச்சு. எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு, தாரு. இன்னும் அந்த வெக்கம் போகல. அவ ஒண்ணும் கேக்கல. மறுநாள் துணி கொண்டாந்து கொடுத்தா, எப்பவும் போல சிரிச்சா. அதுக்குத்தான் அஞ்சு வருஷமா இந்தத் திரைய கழட்டி வச்சுட்டேன். தூசி வருது, வரட்டும், துடைச்சுக்கலாம்.

"அந்த ஆன்ட்டிய எனக்குக் காட்டுவியா?"

காலையில காட்டறேன். அவ மக இப்ப நர்ஸு வேலைக்குப் போறா. ஆனாலும் இவ வண்டிய விடமாட்டேங்கறா. உன் கவுன எடுத்துக்கிட்டுப் போய் நாமளே கொடுக்கலாம்.

"அப்புறம்னு சொல்லிட்டு மறந்துட மாட்டியே?"

மாட்டேன். உன் தலமேல சத்தியம்னு சொல்லமாட்டேன், ஜன்னல் மேல சத்தியம். போதுமா? கைய நீட்டு. தொட்டுப் பாரு, கம்பிக்கு வெளியதான். எல்லா இலையும் மூடிக்கிச்சா?

"...ம்."

மரம் இலைய மூடிக்கிச்சு, நான் வாய மூடிக்கறேன், நீ கண்ண மூடிக்கோ. காலையில மூணும் திறக்கட்டும்.